வாத்து மூக்கு உளுவை

காஸ்பியன் பெயரில்தான் கடல். உண்மையில் வெளியேற வழியில்லாத மாபெரும் உப்பு ஏரி. வடக்கே சில மீட்டர் ஆழமே. தெற்கே 1,000 மீட்டரையும் தாண்டும்.

இதன் ஆழ்நீரில் வாழும் விரலளவு மீன் ஒன்றை 1927-இல் ருஷ்ய அறிஞர் லெவ் பெர்க் உலகுக்கு அறிவித்தார். வாத்தின் அலகைப் போலத் தட்டையான மூக்கு! வேறெந்தக் கடலிலும் இது கிடையாது. நம் கழிமுகங்களில் உளுவை மீனைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு உறவுதான். கேவியர் தரும் ஸ்டர்ஜனைத் தெரிந்தவர் பலர். விலைபோகாத இதை யார் அறிவார்?

அவ்வளவு ஆழத்துக்குப் பிராணவாயு எப்படிப் போகிறது என்கிறீர்களா? குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். காற்றிலிருந்து கரைந்த பிராணவாயுவையும் கூடவே கொண்டுபோகும். இப்போது புவி வெப்பம் ஏறுவதால் அங்கே குளிர் தணிந்து வருகிறது. மேல்நீர் போதிய அளவு கனக்காவிட்டால் கீழே இறங்காது. ஆழத்து நீரில் பிராணவாயு குறையும். இந்த மீனுக்கோ மேலே குடிபெயர வேறு வீடில்லை.