இருட்டு நகரத்து மிஸ்

2024-ல் வெளியான 'ட்விலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்' என்ற ஹாங்காங் சண்டைப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கௌலூன் சுவர் நகரம் நினைவிருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய கட்டடங்கள், பகலிலும் விளக்கெரியும் சந்துகள், மொட்டை மாடியை உரசுவதுபோல் பறக்கும் விமானங்கள். படத்தில் வந்தது செட்தான். நிஜ நகரத்தில் சுமார் ஆறரை ஏக்கர் நிலத்தில், 1987-ல் எடுத்த கணக்கின்படி 33,000 பேர் குடியிருந்தார்கள்.

ஹாங்காங்கின் நடுவில் இப்படியொரு இடம் உருவானதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். 1898-ல் பிரிட்டன் சீனாவிடமிருந்து 'புதிய பிரதேசங்கள்' என்ற பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தபோது, சுவர் நகரமாக இருந்த இந்தக் கோட்டையை மட்டும் சீனா விட்டுக்கொடுக்கவில்லை. மறு ஆண்டே பிரிட்டிஷார் சீன அதிகாரிகளை விரட்டினார்கள். ஆனால் தாங்களும் ஒழுங்காக ஆளவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தில் உரிமம் இல்லாத பல் டாக்டர்கள் கடை போட்டார்கள், மீன் உருண்டை செய்பவர்கள் பட்டறை போட்டார்கள். அபின், ஹெராயின், சூதாட்டம், விபச்சாரம் ஆகியவற்றை ட்ரையட் எனப்படும் '14கே' போன்ற குற்றக் கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்டன.

1966-ல் ஜாக்கி புல்லிங்கர் என்ற இளம்பெண் ஹாங்காங் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 22. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் ஓபோ என்ற குழல் வாத்தியம் படித்தவர். ஊழியத்துக்குப் போக விரும்பினார். மிஷன் சங்கங்கள் அவரை ஏற்கவில்லை. தெரிந்த ஒரு போதகர், கிடைக்கிற மலிவான கப்பலில் ஏறிவிடு, எங்கே இறங்குவது என்று வழியில் ஜெபம் பண்ணித் தெரிந்துகொள் என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் அந்தப் போதகரை ஒரு பிடி பிடித்திருப்பார்கள். ஜாக்கி டிக்கெட் வாங்கிவிட்டார்.

சுவர் நகரத்துக்குள் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் அவருக்குப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. பிறகு வாலிபர்களுக்காக ஓர் அறையில் கிளப் தொடங்கினார். பையன்கள் பிங்பாங் ஆட வந்தார்கள். பிரசங்கம் கேட்க வரவில்லை. அந்த ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஊர் ஆட்களுக்குச் சந்தேகமும் இருந்தது. சீனாவில் அரிசிக்காக ஞானஸ்நானம் வாங்கியவர்களின் கதைகள் பழையவை. இந்த வெள்ளைக்காரப் பெண்ணும் கொஞ்ச நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்றே நினைத்தார்கள். அவர் போகவில்லை. கைதானவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போனார், சிறைக்குப் போய்ப் பார்த்தார், சந்துகளில் அவர்களோடு நடந்தார். கான்டனீஸ் மொழியையும் பேசப் பேசக் கற்றுக்கொண்டார்.

1980-ல் வெளிவந்த அவருடைய 'சேஸிங் தி ட்ராகன்' நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு நாள் கிளப்பை யாரோ அடித்து நொறுக்கி, சுவரெல்லாம் சாக்கடையைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அழுதுகொண்டே கழுவினார். மறுநாள் வாசலில் ஓர் இளைஞன் குந்தியிருந்தான். 14கே கும்பலின் தலைவன் அனுப்பிய காவலாள் அவன். அபினுக்கு அடிமை. உள்ளே வரமாட்டான், ஆனால் வாசலில் இருந்தபடியே உள்ளே நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு ஒரு நாள் உள்ளே வந்தான், ஜெபித்தான், அபினையும் விட்டான்.

இதற்குப் பிறகு அந்தத் தலைவனோடு நடந்த பேரம் இன்னும் சுவாரசியமானது. போதையில் அழியும் தன் ஆட்களைக் காப்பாற்றித் தரமுடியுமா என்று அவன் கேட்டான். திருந்தியவர்களைத் திரும்ப உன்னிடம் அனுப்பமாட்டேன் என்றார் ஜாக்கி. கும்பலில் சேர்ந்தவன் சாகும்வரை வெளியேற முடியாது என்பது ட்ரையட் சட்டம். ஆனாலும் தலைவன் சம்மதித்தான். உதவாக்கரைகளை நீ வைத்துக்கொள், நல்லவர்களை நான் வைத்துக்கொள்கிறேன் என்ற கணக்கில். ஜாக்கிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்ததே அந்த உதவாக்கரைகள்தான்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு ஜெபித்தவன் திங்கட்கிழமை எங்கே போய்த் தூங்குவான்? அதே சந்து, அதே கடன்காரன், ஹெராயின் புகைக்க அதே வெள்ளித்தாளும் தீக்குச்சியும். பின்மாற்றம் என்று சபைகளில் சொல்வார்களே, அதற்குப் பாதிக் காரணம் முகவரிதான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஜாக்கியின் ஊழியம் வேறு வடிவம் எடுத்தது. 1970-களில் ஓர் அமெரிக்கத் தம்பதியின் துணையோடு, திருந்த வந்தவர்கள் தங்குவதற்கு வீடுகள் திறந்தார். 1981-ல் அந்த ஊழியம் செயின்ட் ஸ்டீபன்ஸ் சொசைட்டி ஆனது.

வீட்டுக்குள் முதல் பத்து நாள் புதிதாக வந்தவரைத் தனியே விடுவதில்லை. இரவும் பகலும் யாராவது பக்கத்தில் இருந்து ஜெபிப்பார்கள், அந்நிய பாஷையிலும். வாந்தி வந்தால் துடைப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், ஓட நினைத்தால் பேசி உட்கார வைப்பார்கள். அப்படி இருப்பவர்களில் பலர் முன்பு அதே படுக்கையில் கிடந்தவர்கள். பத்து நாள் முடிந்ததும் மெதுவான பகுதி தொடங்கும். நேரத்துக்கு எழுவது, அரிசி களைவது, வாங்கிய காசுக்குக் கணக்குச் சொல்வது, பொய் சொன்னால் ஒப்புக்கொள்வது, வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது. சிறுவயதிலேயே கும்பலில் வளர்ந்த ஆளுக்கு ஹெராயினை விடுவதைக் காட்டிலும் இவை கடினம். ஆகவே மாதங்கள், சில சமயம் ஆண்டுகள், ஒரே கூரையின் கீழ். ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு.

மருந்தே இல்லாமல், ஜெபத்தால் வலியின்றி விடுபட்டோம் என்று அங்கிருந்தவர்கள் சொல்வது அவர்களுடைய சாட்சி; மருத்துவ ஆய்வின் முடிவாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. போதை மீட்புக்கு ஹாங்காங்கில் வேறு வழிகளும் இருந்தன. ஷெக் குவூ சாவ் தீவில் 1963-லேயே தன்னார்வ சிகிச்சை மையம் திறக்கப்பட்டது; 1970-களில் அரசு மெதடோன் மருந்து கொடுக்கும் கிளினிக்குகளை விரிவாக நடத்தியது. ஹெராயினை விட நினைப்பவர்கள் இன்று டாக்டரைப் பார்ப்பதுதான் முறை. ஆனாலும், அற்புதத்தை நம்பாதவர்கூட அந்தப் படுக்கையின் பக்கத்தில் இருந்த ஆளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

திருந்துவதற்குக் காலமும் கூடவே இருக்கும் ஆளும் வேண்டும் என்ற இதே பாடத்தை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் வேறு பாதையில் கற்றவர் சேசு சபைக் குருவான கிரெக் பாயில். 1986-ல் அவர் பொறுப்பேற்ற டொலோரஸ் மிஷன் பங்கு, கும்பல் மோதல்கள் மலிந்த இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. தொடக்கத்தில் கும்பல்களுக்கு இடையே சமாதானம் பேச அலைந்தார். அது கும்பல்களுக்கு அந்தஸ்து கொடுக்கிறது என்று உணர்ந்ததும் அதை விட்டுவிட்டார். 1988-ல் வேலை தேடித் தரும் திட்டம், 1992-ல் பேக்கரி. அதுவே 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' ஆக வளர்ந்தது. நேற்று வரை சுட்டுக்கொண்டவர்கள் அருகருகே நின்று மாவு பிசைகிறார்கள். பயிற்சிக் காலம் 18 மாதம். ஜாக்கி ஜெபத்தில் தொடங்குகிறார், பாயில் சம்பளத்தில் தொடங்குகிறார். அவசரப்படக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் 2024-ல் பாயிலுக்குக் கிடைத்தது.

நம் ஊர் எழுப்புதல் கூட்டங்களில் கை தூக்கியவர்களை எண்ணிச் சொல்வது வழக்கம். ஓர் ஆண்டு கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கை யாரும் வாசிப்பதில்லை. அதையும் கேட்கலாம்.

சுவர் நகரம் 1994-க்குள் இடித்துத் தள்ளப்பட்டு, அடுத்த ஆண்டு பூங்காவாகத் திறக்கப்பட்டது. போதைப் பழக்கம் அதோடு போய்விடவில்லை; ஹாங்காங்கின் மற்ற பகுதிகளுக்கு இடம் மாறியது. செயின்ட் ஸ்டீபன்ஸ் சொசைட்டியும் தன் வேலையை நிறுத்தவில்லை.