தேயிலை மலையோரத்துக் கிலுகிலுப்பை

ஊவாவிலும் அதையொட்டிய மலைகளிலும் மஞ்சளாகப் பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடிகள் பல. தாழ்ந்த வெயில் நிலங்களில் ஆவாரை. ஒஹிய வழியாக ஏறினால் ஹோர்ட்டன் சமவெளியில், வெள்ளைக்காரர் காலத்தில் வந்து பரவிய முட்புதரான கோர்ஸ். தோட்டப் பாதையோரங்களிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் சில ஆண்டுகள் நின்று வாழும் கிலுகிலுப்பை. தூரத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். கிட்டப் போனால் குழப்பமில்லை.

முதலில் பூவைப் பாருங்கள். ஆவாரையின் ஐந்து இதழ்களும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்திருக்கும். கிலுகிலுப்பைக்கு மேலே நிமிர்ந்த கொடி அல்லி, இருபுறமும் சிறகு அல்லிகள், கீழே மூக்குபோல் வளைந்த படகு அல்லி. படகை நகத்தால் பிரித்தால் பத்து மகரந்தத்தாள்கள் அடியில் இணைந்திருக்கும். ஐந்தின் மகரந்தப்பை நீளம், ஐந்தினது உருண்டை. வண்டு வந்து அமர்ந்ததும், அதன் பாரத்தில் படகின் நுனித் துளையால் மகரந்தம் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டும்.

அடுத்து இலை. கோர்ஸில் இலைகளே முட்களாகியிருக்கும். கிலுகிலுப்பையில் முள் இல்லை. சில இனங்களுக்குத் தனியிலை, சிலவற்றுக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. மலைநாட்டில் ஆளுயரத்துக்கும் மேல் வளரும் குரொட்டலேரியா மைக்கன்ஸ் மூன்று சிற்றிலைக்காரி. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தவள்.

கடைசிச் சாட்சி காய். ஊதிப் பருத்த காய் உலர்ந்ததும், அதை ஆட்டினால் உள்ளே கழன்ற விதைகள் கிலுகிலுக்கும்.

இந்தச் செடி தோட்டத்துக்கு வந்தது பசளைக்காக. வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குத் தரும். வேலைசெய்யும் முடிச்சை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இளந்தேயிலை வரிசைகளுக்கிடையே இதை வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பினார்கள். மண் மூடப்பட்டது, சத்தும் சேர்ந்தது.

ஆனால் மண்ணுக்கு உணவானது மாட்டுக்கு ஆகாது. இலையிலும், அதைவிட விதையிலும், பைரோலிசிடின் அல்கலாய்டு என்ற நஞ்சு உண்டு. அது ஈரலைக் கெடுக்கும். வரிப்புலி போன்ற வண்ணத்துப்பூச்சிகளோ வாடிய தண்டைத் தேடிவந்து அதே நஞ்சை உறிஞ்சும். அதைக்கொண்டுதான் ஆண் பூச்சிகள் பெண்ணை ஈர்க்கும் மணத்தை உண்டாக்குகின்றன.

கான் ஓரத்தில் மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள், மஞ்சள் பூச்செடி கட்டுக்குள் வந்தால் காயை ஆட்டிப் பார்க்கட்டும். கிலுகிலுத்தால் அது மாட்டுத் தொட்டிக்கு வேண்டாம்.