34300: ஓர் அஞ்சல் குறியீட்டின் கணக்கு

பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தில் நெல்வயல்கள் சூழ அமைந்துள்ள ஊர் பாகான் செராய். இவ்வூரின் அஞ்சல் குறியீடு 34300. கடிதம் சரியான ஊரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக அளிக்கப்பட்ட எண் இது. கணக்குப் போடுவதற்காக அன்று. ஆயினும், இதனை ஒரு முழு எண்ணாகக் கொண்டு பிரித்துப் பார்த்தால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன.

34300ஐ 100ஆல் வகுத்தால் 343 வரும். 'விகடகவி' என்னும் சொல்லைப் போலவே, 343ஐ எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதன் முதல் இரண்டு இலக்கங்களான 3, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7. அந்த ஏழை மும்முறை பெருக்கினால் மீண்டும் 343. ஆகவே, 34300 = 2 × 2 × 5 × 5 × 7 × 7 × 7. இவ்வளவு பெரிய எண்ணுக்குள் இருக்கும் பகா எண்கள் மூன்றே.

இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணை 'ஹர்ஷத் எண்' என்பர். 'மகிழ்ச்சி தருவது' என்னும் பொருளில் இப்பெயரைச் சூட்டியவர் மகாராஷ்டிராவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கப்ரேக்கர். 34300இன் இலக்கங்களைக் கூட்டினால் 10. பூச்சியத்தில் முடியும் எண் பத்தால் வகுபடுவதில் பெரிய வியப்பில்லைதான். இராமானுஜனின் பெயரோடு இணைந்த 1729 அப்படியன்று; அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 19, 19 × 91 = 1729 என்பது பார்த்தவுடன் புலப்படாது.

இனி, 34300 நெல் நாற்றுகளை ஒரு வயலில் சம வரிசைகளாக நடவேண்டும் எனக் கொள்வோம். வரிசைகளின் எண்ணிக்கை 34300இன் காரணியாக இருந்தால்தான் நாற்று மிஞ்சாது. ஒரு காரணியில் 2 என்னும் எண் இல்லாமலோ, ஒருமுறையோ, இருமுறையோ வரலாம். ஐந்துக்கும் அவ்வாறே மூன்று வழிகள். ஏழுக்கு நான்கு வழிகள். எனவே, 3 × 3 × 4 = 36 காரணிகள். 175 வரிசைகளில் 196 நாற்றுகள் வீதம் நட்டால், வயல் ஏறத்தாழச் சதுரமாகவே அமைந்துவிடும்.

ஒரே ஒரு நாற்றைக் கூடுதலாகச் சேர்த்தால் எல்லாம் மாறிவிடும். 34301 ஒரு பகா எண். அத்தனை நாற்றுகளையும் ஒரே நீண்ட வரிசையில் நடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதனை உறுதிசெய்ய 2 முதல் 181 வரையிலான 42 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். பொறுமையிருந்தால் கையாலேயே செய்துவிடலாம்.

நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணிடம் இம்முறை செல்லாது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. விடையை மட்டும் கொடுத்து அவ்விரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் அது திணறிப்போகும். இந்த வேறுபாட்டையே பூட்டாக்கி, 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் ஆகிய மூவரும் ஒரு மறையீட்டு முறையை உருவாக்கினர். இணையத்தில் செல்லும் தகவல்களைக் காக்க அம்முறை பயன்பட்டு வருகிறது.

2002ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் அறியும் வழியைக் கண்டறிந்தனர். ஆனால், அவ்வழி 'பகா எண் அன்று' எனச் சொல்லுமே தவிர, அதன் காரணிகளைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே, பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை.