சங்கிலி வாளின் பெட்ரோல் குழாய்

2018 நவம்பரில் கஜா புயல் வீசிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகள் சாய்ந்து கிடந்தபோது, அவற்றை அறுத்து அகற்ற, செயின்சா என வழங்கும் சங்கிலி வாள் எத்துணை உதவிற்று என்பதை அங்கத்தினர்கள் அறிவர். தோப்பு உடையோர் பலர் இன்று இதனைச் சொந்தமாகவே வைத்திருக்கின்றனர். இதன் டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் சிறு ரப்பர்க் குழாயைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம்.

இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஒழுங்காக ஓடி, விசையை அழுத்தியதும் நின்று விடுகிறதா? வாளைச் சாய்த்தால் ஓட்டம் மாறுகிறதா? குழாயில் வெடிப்பு உண்டாகிக் காற்றை உறிஞ்சுகிறதோ என்று முதலில் ஐயுற வேண்டும். பலர் உடனே கார்புரேட்டரின் திருகைத் திருப்பத் தொடங்கி விடுகின்றனர். அது நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்பது போன்றதே. இவ்வகை இரு வீச்சு இயந்திரத்திற்குத் தனியே மசகெண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்து வருவதுதான் பிஸ்டனுக்கு வழுவழுப்பைத் தருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கீறிவிடும். பின்னர் ஆகும் செலவுக்கு முன் குழாயின் விலை எம்மாத்திரம்?

வெப்பமும் அதிர்வும் ரப்பரை நலியச் செய்கின்றன. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எதனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எதனால் ஈரத்தை ஈர்ப்பது. பழைய வகை ரப்பருக்கும் ஒவ்வாதது. ஆகவே மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோலைத் தேக்கி வைத்தல் தகாது.

குழாயை மாற்றுமுன் இயந்திரம் நன்கு ஆறட்டும். பிளக்கின் கம்பியைக் கழற்றி, அடுப்பு, பீடி முதலியவற்றிற்கு எட்டாத இடத்தில் டாங்கைக் காலி செய்க. காற்று வடிகட்டியை எடுத்தபின், எக்குழாய் எங்கே செல்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கொள்வது நலம். கையால் அமுக்கும் பெட்ரோல் குமிழ் உள்ள வாள்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்கள் இருக்கும். இடம் மாறினால் வேலை இரட்டிப்பாகும். டாங்கினுள் கிடக்கும் வடிகட்டியை வளைத்த கம்பியால் வெளியே இழுத்து, பழைய குழாயின் நீளத்தை அளந்து வைத்துக் கொள்க.

புதிய குழாய் பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருத்தல் வேண்டும். மீன் தொட்டிக் குழாயைச் செருகி அனுப்புவோரும் உளர். அது சில நாளில் விறைத்துப் போகும். உள்விட்டம் மட்டுமன்றி வெளிவிட்டமும் பழையதை ஒத்திருக்க வேண்டும். ஏனெனில் டாங்கின் துளையை அடைத்து ஒழுகாமல் காப்பது குழாயின் இறுக்கமே. வார்ப்புக் கழுத்துடன் வரும் குழாயாயின் அதே மாதிரியையே வாங்க வேண்டும்.

நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரு துளி எண்ணெய் தடவித் துளையில் நுழைத்து, உள்ளிருந்து குறடால் மெல்ல இழுக்கவும். கூரிய கருவியால் குத்தினால் துளை கீறிக் கசியும். பிறகு சாய்ந்த நுனியை நறுக்கிவிட்டுப் புது வடிகட்டியை மாட்டுக. வாளை எப்பக்கம் சாய்த்தாலும் வடிகட்டி பெட்ரோல் உள்ள மூலைக்குச் சென்று விழ வேண்டும். குழாய் நீண்டால் மடங்கும், குறைந்தால் எட்டாது.

கலவை விகிதத்தை இயந்திரத்துடன் வந்த கையேட்டில் பார்த்துக் கொள்க. 50-க்கு 1 எனில் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். 25-க்கு 1 எனில் 40 மில்லி. நிரப்பியபின் வெளிப்புறத்தைத் துடைத்து, வாளைச் சாய்த்துத் துளையருகே ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையெனில், பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமல் விலகிச் சென்று இயந்திரத்தை ஓட்டலாம்.