ஆய்வகத்தின் கதவும் 1975 ஆம் ஆண்டின் ஆணையும்

திண்டுக்கல் சமவெளியில் இயந்திரப் பொறியியல் முடிக்கும் தலித் மாணவருக்கு ஊரும் கல்லூரியும் காட்டும் வழிகள் சிலவே. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் பராமரிப்புப் பணி, கோவையிலோ ஓசூரிலோ தொழிற்சாலை வேலை, இல்லையேல் அரசுத் தேர்வு. ஆய்வகம் என்ற சொல் அந்தப் பேச்சில் அரிதாகவே எழுகிறது. நாம் அதைப் பேசியாக வேண்டும்; ஏனெனில் எந்த வேலைக்கு இயந்திரம் வேண்டும், எதற்கு மனித உடலே போதும் என்பது பெரிதும் அங்கேதான் முடிவாகிறது.

மலக்குழியையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் கசடு இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். உறிஞ்சு லாரியின் குழாய் மேலே நிற்கும் நீரை இழுத்துவிடும். கெட்டிக் கசடைக் கலக்குவதற்கு ஒரு மனிதர் இறக்கப்படுகிறார். அவர் எச்சாதியினர் என்பதை நம் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 ஆம் ஆண்டின் தடைச்சட்டத்திற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் பிரபு ராஜகோபால், பொருள்களைச் சிதைக்காமல் சோதிக்கும் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். மீயொலி அலைகள் அவரது துறை. அவரது குழு சஃபாய் கர்மசாரி அந்தோலனுடன் இணைந்து 'ஹோமோசெப்' கருவியை உருவாக்கியது. குழியின் வாய் குறுகியது, வயிறு அகன்றது. ஆகவே கருவியின் அலகுகள் மடங்கி உள்ளே இறங்கி, கவிழ்த்த குடைபோல் விரிந்து, சுழன்று கசடைக் கூழாக்குகின்றன. பின்னர் அது உறிஞ்சப்படுகிறது. ஒரு மாணவரின் முதுநிலைத் திட்டப்பணியாகத் தொடங்கியது இது. 2022 இல் முதற்கருவிகள், துப்புரவுப் பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையேற்ற சுயஉதவிக் குழுக்களிடம் அளிக்கப்பட்டன.

இத்தகைய பணிக்குச் செல்லும் வழி கேட் தேர்விலிருந்து தொடங்குகிறது. பட்டியல் சாதியினருக்குக் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண்ணும் குறைவு. பிறகு முதுநிலைப் பட்டம், முனைவர் பட்ட ஆய்வு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளருக்கு 42,000. அது மாதந்தோறும் தவறாமல் வந்துசேரும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரி இதற்கு ஆயத்தமாக இருப்பது நலம்.

கடினமான கதவு அதற்கு அப்பால் இருக்கிறது. 1975 இல் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, 'ஏ' பிரிவின் கடைநிலைக்கு மேலுள்ள, ஆராய்ச்சியை நடத்துகிற அல்லது வழிநடத்துகிற அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளை இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்க வகைசெய்கிறது. அதாவது நுழைவாயிலில் நமக்கு இடமுண்டு. ஆய்வுப் பொருளையும் நிதியையும் தீர்மானிக்கும் நாற்காலிகளுக்கு அந்த உறுதி இல்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019 ஆம் ஆண்டின் இட ஒதுக்கீட்டுச் சட்டமும் சில நிறுவனங்களுக்கு விலக்களித்தது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அந்தப் பட்டியலில் உள்ளது. தகுதி குறைந்துவிடும் என்பதே இவற்றுக்குச் சொல்லப்படும் பழைய வாதம். மலக்குழிக்குள் இறங்குவதற்கு எவரும் தகுதி கேட்டதாக நாம் அறியோம்.

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொட்டிகளில் தேங்கும் சுண்ணாம்புச் சேற்றை அள்ளுவதற்கு எத்தகைய கருவி வேண்டும்? இந்தக் கேள்வியுடன் ஆய்வகத்திற்குள் நுழைய வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்பவரும் எழுதலாம்.