குறைமாதப் பிள்ளைக்குப் போடும் குழாய்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்



37 வாரம் முடிவதற்கு முன்பே பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லாத பிள்ளையின் தொப்புளிலோ கையிலோ குழாய் செருகியிருப்பதைப் பார்த்தால் பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். "இத்துணூண்டு பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குழாய்? எடுத்துடச் சொல்லு" என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அந்தக் குழாய் எதற்கு, அதனால் என்ன தொல்லை வரலாம், தாய் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எதற்காகப் போடுகிறார்கள்?

இந்தப் பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது, குடலும் முதிர்ந்திருக்காது. சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தத்தில் நேராகச் சேர வேண்டும். கையில் போடும் சாதாரண ஊசி சில நாட்களிலேயே வீங்கிவிடும். 12.5 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியான சர்க்கரைக் கரைசலைச் சின்ன ரத்தக்குழாய் தாங்காது, புண்ணாகிவிடும். அதனால்தான் இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். பிறந்த புதிதில் தொப்புள் வழியாகவும், பிறகு கை அல்லது கால் வழியாகவும் போடுவார்கள். தொப்புள்கொடிக்கு வலி தெரியாது. பாதியில் குழாயை எடுத்தால் சர்க்கரை குறைந்து மூளையே பாதிக்கப்படலாம்.

என்ன தொல்லை வரலாம்?

1. கிருமி: குழாய் வழியே கிருமி ரத்தத்தில் கலப்பதுதான் பெரிய ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள்.

2. இடம் மாறுதல்: குழாயின் முனை நகர்ந்தால் மருந்து வேறு இடத்தில் கசியும். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். அரிதாக இதயத்தைச் சுற்றி நீர் சேரும். அப்போது ஸ்கேன் பார்த்து, உடனே ஊசியால் நீரை எடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

3. அடைப்பு: குழாயிலோ ரத்தக்குழாயிலோ ரத்தம் உறைந்துவிடலாம். அந்தப் பக்கத்துக் கை அல்லது கால் வீங்கும், நிறம் மாறும்.

தாய் என்ன செய்யலாம்?

* வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம்.

* குழாயையும் பிளாஸ்திரியையும் நாமாகத் தொடக் கூடாது. பிளாஸ்திரி நனைந்தாலோ பிரிந்தாலோ நர்சிடம் சொல்லுங்கள்.

* குழாய் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், ரத்தக் கசிவு; விரல்கள் வெளுப்பது அல்லது நீலமாவது; பிள்ளை துவண்டுபோவது, மூச்சு நிற்பது, உடம்பு சில்லிடுவது - எதைக் கண்டாலும் "அப்புறம் சொல்லலாம்" என்று இருக்காதீர்கள். அந்த நிமிஷமே நர்சைக் கூப்பிடுங்கள்.

* பிரசவமான சில மணி நேரத்திலேயே தாய்ப்பாலைப் பீய்ச்சத் தொடங்குங்கள். இரவையும் சேர்த்து நாளைக்கு 8 தடவையாவது பீய்ச்சுங்கள். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதையும் வீணாக்காமல் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்.

* மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைக் குழாய் இருக்கும்போதே செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை நிலையாக இருந்தால், நர்ஸ் துணையோடு செய்யலாம்.

குழாயை எப்போது எடுப்பார்கள்?

குழாய் எத்தனை நாள் கூடுதலாக இருக்கிறதோ, கிருமி சேரும் ஆபத்தும் அத்தனை கூடும். ஒரு கிலோ எடையுள்ள பிள்ளை நாளைக்குச் சுமார் 120 மில்லி பாலைச் செரிக்கிற நிலைக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் குழாய் தேவைப்படாது. ஆகவே நாம் பீய்ச்சும் ஒவ்வொரு சொட்டுப் பாலும் குழாயைச் சீக்கிரம் எடுக்க உதவும். "இன்னைக்கு எவ்வளவு பால் குடிச்சுது? குழாய் இன்னும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, அது தாயின் உரிமை.

செலவுக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். குழுவில் யாருக்காவது குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தால், வீட்டு வேலையையும் மற்ற பிள்ளைகளையும் நாம் பார்த்துக்கொள்வோம். அவர் நிம்மதியாகப் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும்.