விரலைச் சுடும் சிப்

புது போர்டு கைக்கு வந்து, பாகங்களைச் சால்டர் செய்து, மின்சாரம் கொடுத்த அரை நிமிடத்தில் மைக்ரோகண்ட்ரோலர் சுடுகிறது. பலரும் உடனே அந்தச் சிப்பைப் பெயர்த்துவிட்டு இன்னொன்றை ஒட்டுவார்கள். அதுவும் சுடும். பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு இன்னொரு நடை, இன்னும் கொஞ்சம் செலவு. சிப் பழுதாகவே கடையிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. போர்டில் எங்கோ இருக்கும் தவறு அதன் வழியே கூடுதல் மின்சாரத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு, எந்த வழியாக என்று தெரியாதவரை எத்தனை சிப் மாற்றினாலும் வீண்தான்.

முதலில், எவ்வளவு சூடு இயல்பு? இன்றைய மைக்ரோகண்ட்ரோலர்கள் 1963இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் வகுத்த சிமாஸ் முறையில் ஆனவை. அதன் அடிப்படை, டிரான்சிஸ்டர் ஜோடி. மேலே உள்ளது மின்வழங்கலோடும் கீழே உள்ளது கிரவுண்டோடும் இணைந்திருக்கும். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். மேலிருந்து கீழே நேர்வழி கிடையாது என்பதால், நிலை மாறும் அந்தக் கணத்தில்தான் குறிப்பிடத்தக்க மின்சாரம் செலவாகும்.

எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். 72 மெகாஹெர்ட்ஸில், உள்ளே இருக்கும் அத்தனை பகுதிகளையும் இயக்கி ஓட்டினாலும் சுமார் 36 மில்லி ஆம்பியர்தான். 3.3 வோல்ட்டோடு பெருக்கினால் 0.12 வாட். 48 கால் உள்ள அதன் சதுர உறைக்கு, ஒரு வாட்டுக்கு 55 டிகிரி செல்சியஸ் ஏறும் என்று போட்டிருக்கிறார்கள். போர்டைப் பொறுத்து இது மாறும் என்றாலும், ஏழு டிகிரியைத் தாண்ட நியாயமில்லை. விரலுக்கு அது தெரியவே தெரியாது. தொட்டதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் குறைந்தது 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி அறையில், அதற்கு அரை வாட்டுக்கு மேல் வேண்டும். அதாவது 160 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் ஓடுகிறது. கணக்கு இடிக்கிறதல்லவா? வைஃபை உள்ள இஎஸ்பி32 ஒரு விதிவிலக்கு. அலைபரப்பும்போது அது 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், கதகதப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை. வரம்பை 50 மில்லி ஆம்பியரில் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஷார்ட் இருந்தால் மின்னழுத்தம் படுத்துவிடும், எதுவும் கருகாது. யுஎஸ்பியில் நேராகச் செருகினால் அரை ஆம்பியர் தாராளமாகப் பாயும். சிப்பைக் கொல்ல அது போதும். வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்த போர்டாக இருந்தால் விரல் வைத்துப் பார்க்கும் வேலையே கூடாது.

மின்சாரம் கொடுக்கும் முன்பே பார்க்கவேண்டியது, சிப் உட்கார்ந்திருக்கும் திசை. சதுரச் சிப் நான்கு பக்கமும் ஒரே மாதிரிதான் பொருந்தும். தப்பாகத் திரும்பியிருந்தாலும் சால்டர் அழகாகப் பிடிக்கும். சில சிப்புகளின் முதுகில் முதல் காலைக் காட்டும் சிறு புள்ளியோடு, வார்ப்பு அச்சு விட்டுப்போன பெரிய வட்டக் குழியும் இருக்கும். கண்ணில் முதலில் படுவது குழிதான், ஆள் ஏமாறுவது அங்கேதான். எழுத்துகள் நேராகத் தெரியும்படி பிடித்தால், எஸ்டிஎம்32 சதுரச் சிப்புகளில் முதல் கால் இடது கீழ் மூலையில் இருக்கும்.

அடுத்தது 3.3 வோல்ட் கோடு. சந்தேகம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். பழகிய 7805இல் உலோக முதுகு கிரவுண்ட். 1117இல் அகலமான அந்த உலோக நாக்கு வெளியீடு. 7805 பழக்கத்தில் அதைக் கிரவுண்ட் செம்புப் பரப்போடு இணைத்துவிட்டால் வெளியீடே ஷார்ட். அப்போது ரெகுலேட்டர் கொதிக்கும், மைக்ரோகண்ட்ரோலர் குளிர்ந்து கிடக்கும். இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. 1117இன் கிரவுண்ட் காலில் சால்டர் பிடிக்காமல் போனால், வெளியீடு 3.3இல் நிற்காது, உள்ளீட்டை ஒட்டி ஏறிவிடும். 5 வோல்ட் கொடுத்தால் 4க்குப் பக்கத்தில், 12 கொடுத்தால் 11க்குப் பக்கத்தில். எஸ்டிஎம்32எஃப்103 தாங்கும் உச்சவரம்பே 4 வோல்ட். அதனால் மைக்ரோகண்ட்ரோலரை ஒட்டுவதற்கு முன்பே, ரெகுலேட்டரை மட்டும் வைத்து மல்டிமீட்டரில் ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மின்னழுத்தம் சரி, திசை சரி, இருந்தும் சுடுகிறதா? ரீசெட் காலைக் கிரவுண்டோடு பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைப் பாருங்கள். ரீசெட்டில் அநேகமாக எல்லாக் கால்களும் வெளியீட்டை விட்டுவிடும். மின்னோட்டம் சட்டென்று விழுந்தால், புரோகிராம் ஏதோ ஒரு காலை உயர்த்தப் பார்க்கிறது, வெளியே ஏதோ ஒன்று அதைத் தாழ்த்திப் பிடிக்கிறது என்று பொருள். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி ஒரு காலுக்கு 40 மில்லி ஆம்பியரைத்தான் உச்சவரம்பாகச் சொல்கிறது. மின்தடை போடாமல் எல்இடியை நேராக மாட்டினாலே அந்த வரம்பு ஆட்டம் காணும். ரீசெட்டிலும் மின்னோட்டம் விழவே இல்லையென்றால் தவறு போர்டிலோ, ஏற்கெனவே வெந்துபோன சிலிக்கானிலோ.

இந்த வலையில் சிக்காத ஒன்று லாட்ச்-அப். சிமாஸ் சிப்பின் சிலிக்கானுக்குள், வடிவமைத்தவர் கேட்காமலேயே, தைரிஸ்டரின் நான்கு அடுக்கு அமைப்பு உருவாகிவிடுகிறது. சும்மா கிடக்கும்வரை தொல்லையில்லை. ஏதாவது ஒரு காலின் மின்னழுத்தம் வழங்கலுக்கு மேலே போனாலோ கிரவுண்டுக்குக் கீழே இறங்கினாலோ அது விழித்துக்கொண்டு, வழங்கலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வழி திறந்துவிடும். தூண்டியது நீங்கினாலும், திறந்தபடியே கொக்கி மாட்டிக்கொண்ட கதவாக நின்றுவிடும்; மின்சாரத்தை அணைத்தால்தான் மூடும். ரிலே விடுபடும் கணத்தில் போர்டு கொதிக்கத் தொடங்கி, அணைத்துப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறதென்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சென்சாருக்கு முதலில் மின்சாரம் வந்து, மைக்ரோகண்ட்ரோலருக்குப் பிறகு வந்தாலும் இதே கூத்து நடக்கலாம். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியிலும் ஓர் ஆயிரம் ஓம் மின்தடை என்று வைத்தாலே பெரும்பாலான தொல்லை தீரும்.

சிப்தான் சுடுகிறதா, பக்கத்துக் கெப்பாசிட்டரா என்று குழப்பம் வந்தால் வெப்பக் கேமரா வேண்டியதில்லை. போர்டின் மீது ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லப் பரப்பி, குறைந்த மின்னோட்ட வரம்பில் இயக்குங்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான் குற்றவாளி. அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் எரியக்கூடாது.

காரணம் கிடைத்துத் திருத்திய பிறகும் பழைய சிப்பை விட்டுவைப்பது அவரவர் துணிவு. ஓடத்தான் செய்யும். ரீசெட்டில் பிடித்தபோது புதுச் சிப்பைவிடக் கூடுதலாக இழுக்கிறதென்றால், எங்கோ ஒரு மூலை வெந்திருக்கிறது. விற்கப்போகும் கருவியில் அதை வைக்காதீர்கள்.